இரண்டு நட்சத்திரமும் ஒரு புள்ளியும்

கடைசி வருட ஆய்வுக்கு நான் எடுத்த கேள்வி லேசானது. இரவில் போன் பார்க்கும் நேரத்துக்கும் பரீட்சைப் பதற்றத்துக்கும் தொடர்பு இருக்கிறதா? பிள்ளைகளுக்கு வேண்டுமென்றே பதற்றத்தை ஏற்றிப் பரிசோதனை செய்ய முடியாது. இருப்பதை இருந்தபடி அளந்து, இரண்டும் சேர்ந்து மாறுகிறதா என்று பார்க்கும் இணைபு முறைதான் சரி என்றார் சேர். யாழ்ப்பாணத்தில் ஏ.எல். படிக்கும் 60 பேரிடம் வினாக்கொத்து கொடுத்து வாங்கினேன்.

எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளிவிபர மென்பொருளில் போட்டதும், இரண்டும் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்று காட்டும் பியர்சன் குணகம் 0.43. பக்கத்தில் இரண்டு நட்சத்திரம்: தொடர்பே இல்லாமல் தற்செயலாக இப்படி வர நூற்றில் ஒன்றுக்கும் குறைந்த வாய்ப்புத்தான். -1 முதல் +1 வரை போகும் அளவில், மனிதர்களைப் பற்றிய ஆய்வுக்கு இது நல்ல எண்தான். வீட்டில் பெருமையாகச் சொன்னேன். சொல்லி முடிக்கமுதல் அம்மா தம்பியின் போனை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

"போன் பதற்றத்தை உண்டாக்குகிறது" என்று எழுதியிருந்தேன். சேர் "உண்டாக்குகிறது" என்பதைச் சிவப்புப் பேனையால் வெட்டினார். "பதற்றத்தில நித்திரை வராமல் போனை எடுத்திருக்கக் கூடாதோ?" என்னிடம் பதில் இல்லை. இரவு எட்டு மணிவரை ரியூசன் போகிற பிள்ளைக்குப் போன் பார்க்க அதற்குப் பிறகுதான் நேரம். அந்த ரியூசனே பதற்றத்துக்கும் காரணமாகலாம். இந்த மூன்றாவது மாறியை நான் கேட்கவே இல்லை.

"சரி, சிதறல் வரைபடம் எங்கே?" ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு புள்ளியாகக் குறிக்கும் அந்தப் படத்தை நான் கீறவில்லை. புள்ளியியலாளர் ஆன்ஸ்கம் 1973இல் காட்டிய நான்கு தரவுத் தொகுதிகளைப் பரீட்சைக்குப் பாடமாக்கியவள்தான் நான். நான்குக்கும் குணகம் 0.82, வரைந்தால் நான்கும் நான்கு விதம்.

கீறினேன். 59 புள்ளிகள் இலையான் மொய்த்த மாதிரி ஓரிடத்தில். ஒன்று மட்டும் வலது மூலையில் தனியாக. 47ஆம் தாளைத் தேடி எடுத்தேன். 10 மணித்தியாலம் என்று பதிந்திருந்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், மடிப்புக்குள் ஒரு சின்னப் புள்ளி: 1.0.

திருத்தினால் 0.24. 60 பேருக்கு 0.05 மட்டத்தில், அதாவது தற்செயல் வாய்ப்பு நூற்றில் ஐந்துக்குள் என்று, ஒரு நட்சத்திரம் கிடைக்கவே 0.25ஐத் தாண்ட வேண்டும். குணகத்தை வர்க்கித்தால், பதற்றத்தின் ஏற்ற இறக்கத்தில் எவ்வளவைப் போன் விளக்குகிறது என்று தெரியும். முதலில் 18 வீதம் விளக்கிய என் போன் இப்போது 6 வீதம்கூட விளக்கவில்லை. திருத்தாமல் விட்டால் யாருக்குத் தெரியும் என்று ஒரு கணம் யோசித்ததும் உண்மை. தொடர்பே இல்லை என்றும் எழுத முடியாது, இந்தத் தரவில் உறுதியாகத் தெரியவில்லை என்றுதான் எழுதிக் கொடுத்தேன்.

அம்மாவிடமும் சொன்னேன். அலுமாரித் திறப்பு அவரின் முந்தானையில்தான் முடிந்திருந்தது.

"அது உன்ர அறுபது பேரின்ர கதை. இவன் அறுபத்தோராவது."