இனிஷியலும் ஐந்நூறு ரூபாயும்

வங்கி ஃபார்மில் பெயருக்கு மூன்று கட்டம் இருக்கும். முதலில் சொந்தப் பெயர், நடுவில் அப்பா பெயர், கடைசியில் ஆட்நாவ், அதாவது குடும்பப் பெயர். மராட்டிக்காரர்கள் யோசிக்காமல் நிரப்பிவிடுவார்கள். எங்கள் மும்பை தாராவித் தமிழ் ஆட்களுக்குக் கடைசிக் கட்டம் காலிதான். ஒரு கிளார்க் அதில் அப்பா பெயரை இறக்குவார், இன்னொருவர் ஊர்ப் பெயரை எழுதுவார், இன்னொருவர் கேட்காமலே சாதியைப் போட்டு வேலையை முடித்துவிடுவார். சு. முருகன் என்று ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆதாரில் அவர் முருகன் எஸ், பாஸ்புக்கில் முருகன் சுடலை, ஊர் ரேஷன் கார்டில் முருகன் த/பெ சுடலைமுத்து. மூன்றும் ஒரே ஆள்தான் என்பது தெருவுக்கே தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

நான் பார்த்தது காசநோய் வேலை. தொண்டு நிறுவனம் ஒன்றின் சார்பில் தாராவியில் வீடு வீடாகப் போய், டிபி வந்தவர்கள் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று பார்க்க வேண்டும். வேலையில் சேர்த்தபோது சோதனைக்குச் சளி பிடிக்கும் டப்பாவை எப்படிக் கொடுப்பது, கண்ணும் காதும் எப்போது பாதிக்கும், பக்க விளைவை எப்படிக் கேட்பது என்றெல்லாம் ஒரு வாரம் சொல்லிக்கொடுத்தார்கள். பாஸ்புக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டாம் வருடத்திலிருந்து என் நாளில் பாதி பாஸ்புக்கில்தான் போனது.

காரணம் நிக்ஷய் போஷண் யோஜனா. 2018 ஏப்ரலில் வந்த திட்டம். காசநோயாளிக்குச் சத்துணவுக்காக அப்போது மாதம் 500 ரூபாய், நேராக வங்கிக் கணக்கில். சிகிச்சை முடியும்வரை வரும். நடுவில் ஆள் இல்லை, கமிஷன் இல்லை. யோசனையாகக் கேட்டால் நல்ல யோசனைதான், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் நோயாளிகளைப் பதியும் அரசு போர்ட்டலில் இருக்கும் பெயரும் வங்கியில் இருக்கும் பெயரும் ஒத்துப்போகாவிட்டால் பணம் கிளம்பாது. ‘ரிஜெக்ட்’ என்று சிவப்பில் நிற்கும். ஏன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நாமாகத்தான் ஊகிக்க வேண்டும். அந்தச் சிவப்பைப் பச்சையாக்க ஆதார் மையத்துக்கும் வங்கிக்கும் நான் நடந்த நடையில் ஊருக்கே நடந்து போயிருக்கலாம்.

கிருமி பெயர் பொருத்தம் பார்த்து வருவதில்லை என்று ஒரு நாள் வங்கி கவுன்டரில் சொல்லிவிட்டேன். அந்த மேடம் முறைத்தார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது, எனக்குப் பின்னால் நாற்பது பேர் நின்றார்கள்.

2019 ஜூலையில் என் பட்டியலுக்கு வந்தவர் ஓர் இட்லி அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கம். தாராவியில் இட்லித் தொழில் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சாயங்காலம் மாவாட்டி, ராத்திரி இரண்டு மணிக்கு அடுப்பு மூட்டி, விடிவதற்குள் அலுமினியப் பாத்திரத்தில் இட்லியும் தூக்கில் சட்னி சாம்பாருமாகச் சைக்கிளில் கிளம்பிவிடுவார்கள். ரப்பர் குமிழ் ஹாரனை அமுக்கிக்கொண்டு மாட்டுங்கா, தாதர் என்று பில்டிங் பில்டிங்காகப் போவார்கள். அண்ணாச்சியின் கோலி, அதாவது ஒற்றை அறை வீடு, பத்துக்குப் பத்து. அதில் அவரும் ஊரிலிருந்து கூட்டிவந்த மூன்று பையன்களும். கிரைண்டர், அரிசி மூட்டை, அடுப்பு எல்லாம் அதற்குள்தான். ஒரே ஜன்னல், அதையும் பக்கத்துச் சுவர் அடைத்திருந்தது. ஆவியும் இருமலும் வெளியே போக வழி கிடையாது.

எடை 46 கிலோ. ஆளோ நல்ல உயரம்.

“யம்மா, வெளிய யார்ட்டயும் சொல்லிராதிய. டிபிக்காரன் கை பட்ட இட்லின்னு ஒரு பேச்சு கிளம்பிச்சுன்னா தொழிலே போச்சு.” இட்லியில் டிபி பரவாது, காற்றில்தான் பரவும் என்று அவருக்குப் புரியவைத்தேன். அதை வாடிக்கையாளருக்கு யார் புரியவைப்பது? இரண்டு வாரமாவது வீட்டில் இருங்கள் என்றேன். சிரித்தார். இரண்டு வாரம் வராதவனின் பில்டிங்கில் மூன்றாம் வாரம் வேறொருவன் ஹாரன் அடித்துக்கொண்டிருப்பான்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும், இதை நினைத்தால் இப்போதும் எரிகிறது. இதே நோய் இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் காப்பீட்டு கார்டு வைத்திருக்கும் தொழிலாளிக்கு வந்தால் சம்பளத்தில் 80 சதவீதம் உதவித்தொகையாகக் கிடைக்கும். நீண்டகால நோய்கள் என்று 34 நோய்களுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது, அதில் காசநோயும் உண்டு. தகுதி இருந்தால் இரண்டு வருடம்வரைகூட வாங்கலாம். அதாவது, டிபி வந்தவனுக்கு மாத்திரை மட்டும் போதாது, கூலியும் வேண்டும் என்பது அரசாங்கத்துக்குத் தெரியும். சம்பளச் சீட்டு இருப்பவனுக்கு அதைக் கொடுக்கவும் செய்கிறது. சைக்கிளில் இட்லி விற்பவனுக்கு, ஜரி வேலை செய்பவனுக்கு, தோல் பை தைப்பவனுக்கு அப்போது 500 ரூபாய். அதுவும் பெயர் பொருந்தினால்.

முதல் வாரம் மூத்திரம் செக்கச்செவேல் என்று போக, ரத்தம் என்று பயந்து அண்ணாச்சி மாத்திரையை நிறுத்திவிட்டார். மாத்திரையின் நிறம்தான் அது என்று சொல்லித் திரும்ப ஆரம்பிக்க வைத்தேன். அதன்பின் அவருக்கு வந்த தொல்லை, நோயாளிகள் பலரும் என்னிடம் வெட்கத்தோடு சொன்ன ஒன்று: பசி. நோய் முற்றியிருக்கும்போது சாப்பாடு இறங்காது. மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதும் பசி பிடுங்கும். “மாத்திரைய போட்டா பசிக்கி, பசிக்குன்னு தின்னா விக்கதுக்கு மிஞ்சாது” என்பார். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டல். குமட்டுகிறதே என்று ஒரு நாள் விட்டால் அடுத்த நாளும் விடத் தோன்றும். மருந்துக்கு அடங்காத டிபி உருவாகும் வழிகளில் இதுவும் ஒன்று. மும்பை அதை நிறையப் பார்த்துவிட்டது.

ரேஷன் கார்டு ஊரில் இருந்தது. தமிழ்நாட்டில் அரிசி கார்டு இருந்தால் இலவச அரிசி உண்டு, ஆனால் அவருடையது என்பிஹெச்ஹெச், முன்னுரிமை இல்லாத கார்டு. ஒரே நாடு ஒரே ரேஷன் பிறகு வந்தபோதும், உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் கார்டுகள்தான் மாநிலம் தாண்டும் என்பதால் அவருடையது தாண்டவில்லை. ஆள் மும்பையில் இளைத்துக்கொண்டிருந்தார், அவர் பேருக்கான அரிசி திருநெல்வேலியில் இருந்தது.

தமிழ்நாடு என்றதும் நினைவுக்கு வருகிறது. 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். நோயாளிகளில் ஒரு பாதியை நல்ல சாப்பாடு, ஓய்வோடு சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் வைத்தும், மறு பாதியை அவரவர் வீட்டிலேயே விட்டும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1959இல் முடிவு வெளிவந்தது. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் குணமாகியிருந்தது. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டு, வீட்டிலிருந்தே சிகிச்சை என்ற வழி பிறந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. என் வேலையே அதனால் உண்டானதுதான். ஆனால் அதே முடிவு, மருந்து இருந்தால் போதும், சோற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று நினைக்கவும் வசதியாகப் போய்விட்டது. ஐந்நூறு ரூபாயாவது வர 2018 ஆக வேண்டியிருந்தது.

ஐந்தாம் மாதம் அண்ணாச்சியின் பையன்களில் கடைசியாக வந்தவன் இருமத் தொடங்கினான். வயது பத்தொன்பது. ஒரே கோலியில் படுப்பவர்கள், எதிர்பார்த்ததுதான், ஆனாலும் டப்பாவைக் கையில் கொடுக்கும்போது எனக்குக் குற்ற உணர்ச்சியாக இருந்தது. கூட இருக்கும் பெரியவர்களுக்கும் தடுப்பு மாத்திரை என்பது 2021க்குப் பிறகு வந்த ஏற்பாடு. அப்போது சின்னக் குழந்தைகளுக்கும் எச்ஐவி உள்ளவர்களுக்கும்தான் கொடுத்தோம். 2019 டிசம்பர் கடைசியில் பையனுக்கு மாத்திரை ஆரம்பமானது. எடை 42.

அண்ணாச்சி ஜனவரியில் குணமாகிவிட்டார். ஐந்நூறில் ஒரு மாதத்துப் பணம்கூட வரவில்லை. ஆதாரை இரண்டு தடவை திருத்தி, வங்கியில் ஒரு கடிதம் கொடுத்து, 2020 மார்ச் இரண்டாம் வாரம் 3000 ரூபாய் மொத்தமாக விழுந்தது. சத்துணவுப் பணம், நோய் போனபின். போனில் சொன்னபோது சந்தோஷமாகத்தான் இருந்தார். “முதலா போட்டுருவோம் தாயி” என்று சொல்லி ஐம்பது கிலோ இட்லி அரிசியும் பத்துக் கிலோ உளுந்தும் வாங்கிப் போட்டுவிட்டார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

மார்ச் 25, ஊரடங்கு. ஏப்ரல் 1, தாராவியில் முதல் கொரோனா நோயாளி. அந்த நாட்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். தாராவி கொரோனாவை அடக்கியது என்று ஜூலையில் உலக சுகாதார நிறுவனமே பாராட்டியது. அதில் உழைத்தவர்களை நான் நேரில் பார்த்தவள், அது பொய்யில்லை. என் பட்டியலில் வேறொன்று நடந்தது. தெருமுனையில் காய்ச்சல் முகாம் போட்டு யார் இருமுகிறார்கள் என்று தேடியபோது, டிபி இருமல்காரர்கள், தனிமைப்படுத்தும் முகாமாக்கிய பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் அடைத்துவிடுவார்கள் என்று பயந்து இருமலை விழுங்கினார்கள். நாடு முழுக்கப் பதிவான காசநோயாளிகள் 2019இல் சுமார் 24 லட்சம், 2020இல் சுமார் 18 லட்சம். நோய் குறையவில்லை, கண்டுபிடிப்பதுதான் குறைந்தது. தலைக்கு ஐந்து கிலோ இலவசத் தானியம் அறிவித்தார்கள், அதற்கும் அந்த உணவுப் பாதுகாப்புச் சட்டக் கார்டு வேண்டும்.

நாங்கள் ஒரு மாத மாத்திரையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, தினமும் போனில் கேட்போம். பையன் ஒவ்வொரு நாளும் ஒரே பதிலைச் சொல்வான்: “போட்டாச்சுக்கா. சாப்பிட்டாச்சுக்கா.” நான் நம்பவில்லை. வேலை இல்லாத கோலியில் என்ன சாப்பிட்டிருப்பான்?

ஜூன் கடைசியில் எடை பார்க்க வந்தான். 49.

இரண்டு தடவை ஏற்றி இறக்கினேன். தராசு சரியாகத்தான் இருந்தது.

நடுவில் என் பிராஜெக்ட்டுக்குப் பணம் நின்று, வேறு நிறுவனத்துக்குப் போய், திரும்பவும் இதே வேலைக்கு வந்தேன். 2022இல் நிக்ஷய் மித்ரா வந்தது. விருப்பப்பட்டவர்கள் நோயாளியைத் தத்தெடுத்து மளிகைப் பை கொடுக்கலாம். பை வந்தால் கூடவே போட்டோவும் வேண்டும் என்பார்கள். போட்டோ என்றதும் பாதிப் பேர் பையே வேண்டாம் என்றுவிடுவார்கள். 2024 நவம்பரில் 500 என்பது 1000 ஆனது, முதல் தவணை முன்பணமாக. நோய் இருக்கும்போதே பணம் என்ற எண்ணம் கடைசியில் யாருக்கோ வந்ததே என்று இருந்தது. ஆட்நாவ் கட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது.

2023இல் ஒரு பயிற்சியில் ‘ரேஷன்ஸ்’ ஆய்வைப் பற்றிச் சொன்னார்கள். ஜார்க்கண்டில் நடந்தது, சேத்துப்பட்டு நிறுவனமும் அதில் உண்டு. நோயாளியின் வீட்டில் இருப்பவர்களுக்குத் தலைக்கு மாதம் ஐந்து கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, கூடவே சத்து மாத்திரை. அவ்வளவுதான். அப்படிக் கொடுத்த வீடுகளில் மற்றவர்களுக்கு நுரையீரல் காசநோய் வருவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. நோயாளிகளில் முதல் இரண்டு மாதத்தில் எடை ஏறியவர்கள் சாவது வெகுவாகக் குறைந்திருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் ஸ்லைடைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் நோட்டின் ஓரத்தில் கணக்குப் போட்டேன். அரிசி ஐம்பது கிலோ, உளுந்து பத்துக் கிலோ. ஆள் நான்கு. மாதம் ஏப்ரல், மே. தலைக்கு மாதம் ஆறேகால் கிலோ அரிசி, ஒன்றேகால் கிலோ உளுந்து.

ஏறிய ஏழு கிலோவில் மாத்திரை எவ்வளவு, இட்லி எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல நான் டாக்டர் இல்லை. அன்று சாயங்காலம் அண்ணாச்சிக்குப் போன் போட்டு, ஊரடங்கில் அந்த மூட்டையை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

“என்ன செய்ய? விக்க முடியல. மூணு நேரமும் இட்லிதான். அந்தப் பய இன்னைக்கும் இட்லிய கண்டா ஓடுதான்.”