ராம் பம்ப்: கடைசியில் ஓடவைத்தது ஒரு போல்ட்

ஓடுகிறது! போன ஞாயிறு பதினொன்றரை மணிக்கு அடிக்க ஆரம்பித்தது, இன்றோடு எட்டு நாள், ஒரு தடவைகூட நிற்கவில்லை. கரண்ட் இல்லை, டீசல் இல்லை. ராம் பம்ப் என்றால் அதுதான்: ஓடைத் தண்ணீரே ஓடைத் தண்ணீரை மேலே தள்ளுகிறது. ராத்திரி திண்ணையில் படுத்தால் கீழேயிருந்து டக்… டக்… என்று கேட்கிறது. இந்தச் சத்தத்துக்காகப் பதினான்கு மாதம் காத்திருந்தேன்.

எங்கள் வீடு கொல்லிமலையில், செம்மேட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே. எனக்கு வேலை நாமக்கல்லில் என்பதால் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பம்ப் பக்கம் போக முடியும். ஓடை கீழே, வீடும் சில்வர் ஓக்கில் ஏற்றிய மிளகும் மேலே. கொத்தனாரிடம் டியூப் லெவல் வாங்கி, அப்பா ஒரு முனையும் நான் ஒரு முனையுமாகப் பிடித்துப் படிபடியாக அளந்தோம். பம்ப் உட்காரும் இடத்திலிருந்து தொட்டி வாய் வரை 62 அடி ஏற்றம். ஓடையில் கிடைக்கும் இறக்கம் 8 அடி. அதனால் டிரைவ் பைப், அதாவது ஓடைத் தண்ணீரைப் பம்ப்புக்கு இறக்கும் குழாய், 40 அடி, ஒன்றேகால் இன்ச். இறக்கத்துக்கு ஐந்து மடங்கு என்ற கணக்கு.

டிரைவ் பைப்புக்கு ஓஸ் போடாதீர்கள். முதல் நான்கு மாதம் எனக்கு அதிலேயே போயிற்று. கையில் ஹெச்டிபிஇ பிளாஸ்டிக் ஓஸ் இருக்கிறதே என்று போட்டேன். பம்ப்பில் உள்ள வால்வு பட்டென்று மூடும்போது வரும் அடிதான் தண்ணீரை மேலே தள்ள வேண்டும். அந்த அடியை ஓஸ் தானே வீங்கி வாங்கிக்கொண்டுவிடும். பம்ப்புக்கு ஒன்றும் மிஞ்சாது. ஜிஐ இரும்புப் பைப் மாற்றிய அன்றுதான் அழுத்தம் காட்டும் கேஜின் முள் முதல்முதலாக அசைந்தது. அந்தப் பைப்பை மலைக்குக் கொண்டுவந்தது ஒரு தனிப் பாடு. இருபது அடிக் குழாயை 70 கொண்டை ஊசி வளைவிலும் ஏற்றிவர எந்த வேன்காரரும் ஒத்துக்கொள்ளவில்லை. பத்தடியாக அறுத்து, இரண்டு முனையிலும் மரை வெட்டி எடுத்துவந்தோம். நான்கு துண்டு, மூன்று கப்ளிங். டெஃப்லான் டேப்பை நம்பாமல் சணலும் பெயிண்டும் வைத்து முறுக்கினேன். இதுவரை சொட்டுக்கூட இல்லை.

இனி வேஸ்ட் வால்வு, அதாவது தண்ணீரை வெளியே வழியவிட்டு, பட்டென்று மூடி அந்த அடியைக் கொடுக்கும் வால்வு. இந்தப் பதிவே அதற்காகத்தான்.

ராம் பம்ப்பில் மற்றதெல்லாம் குழாய் வேலை. உயிர் அந்த ஒரு வால்வில் இருக்கிறது. இங்கிலாந்தில் ஜான் வைட்ஹர்ஸ்ட் 1772-ல் இதே தத்துவத்தில் தண்ணீரை ஏற்றிக் காட்டினார். ஆனால் குழாயைத் திறந்து திறந்து மூட ஓர் ஆள் நிற்க வேண்டியிருந்தது. 1796-ல் பிரான்ஸில் ஜோசப் மாண்ட்கோல்ஃபியே, வெப்பக்காற்று பலூன் பறக்கவிட்ட சகோதரர்களில் ஒருவர், தானே திறந்து தானே மூடும் வால்வை வைத்துத் தன் காகித ஆலைக்குத் தண்ணீர் ஏற்றினார். ஆக, இடையில் வந்த கண்டுபிடிப்பே அந்த வால்வுதான். நான் பதினான்கு மாதம் மல்லுக்கட்டியதும் அதோடுதான்.

நான் போட்டிருப்பது கடையில் கிடைக்கும் ஒன்றேகால் இன்ச் பித்தளை ஸ்விங் என்ஆர்வி, தண்ணீரை ஒரு பக்கம் மட்டுமே விடும் வால்வு. அம்புக்குறி கீழே பார்க்க நிமிர்த்தி வைத்திருக்கிறேன். உள்ளே இருக்கும் தட்டு தன் எடையில் தொங்கும், தண்ணீர் மேலே வழிந்து வெளியேறும், வேகம் கூடியதும் தட்டைத் தூக்கி மூடும். மூடிய அந்த நொடியில் வரும் அடியில் கொஞ்சம் தண்ணீர் அடுத்த என்ஆர்வியைத் தள்ளிக்கொண்டு ஏர் சேம்பர் என்ற காற்றடைத்த குழாய்க்குள் போகும். பிறகு குழாயில் தண்ணீர் லேசாகப் பின்வாங்கும், தட்டு மறுபடி விழும். செய்து பார்த்தவர்களுக்கு இதெல்லாம் தெரியும்.

எனக்கு விழவில்லை. விழுந்தால் மூடவில்லை. மாற்றி மாற்றி இந்த இரண்டும்தான்.

தட்டின் முதுகில் ஒரு நட் இருக்கிறது. அதில் பித்தளை வாஷர் கோத்து எடை கூட்டிப் பார்த்தேன். வாஷர் இல்லாமல் விட்டால் நிமிஷத்துக்கு நூற்றுப் பத்து தடவை அடிக்கும், படபடவென்று; கேஜில் அழுத்தம் ஏறாது, கொஞ்ச நேரத்தில் மூடியபடியே நின்றுவிடும். மூன்று வாஷர் போட்டால் தட்டு தொங்கியபடியே இருக்கும், தண்ணீர் பாட்டுக்கு வழிந்து ஓடையில் சேரும். இரண்டு போட்டால் பத்து நிமிஷம் அடித்துவிட்டு நிற்கும். எடை போதாதோ, அதிகமோ என்று மாதக்கணக்கில் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிக்கல் எடையில் இல்லை. தட்டு எவ்வளவு தூரம் திறக்கிறது என்பதில். ஒருநாள் மூடியைக் கழற்றி டார்ச் அடித்துத் தட்டை விரலால் ஆட்டிக்கொண்டிருந்தபோதுதான் கண்ணில் பட்டது. ஸ்விங் வால்வின் தட்டு முழுக்க விழுந்தால் சுவரோடு ஒட்டி ஒதுங்கிக்கொள்கிறது. அதன் முகத்தில் தண்ணீர் மோதுவதே இல்லை, ஓரமாக உரசிக்கொண்டு போகிறது. அப்புறம் எப்படித் தூக்கும்? தட்டு பாதி திறந்த நிலையிலேயே நிற்க வேண்டும், தண்ணீருக்கு முகம் காட்டிக்கொண்டு.

மறுநாளே மூடியை நாமக்கல்லில் லேத் வைத்திருக்கும் அண்ணனிடம் கொடுத்தேன். நடுவில் துளை போட்டு, 6 எம்எம் மரை வெட்டிக் கொடுத்தார். "தம்பி, பித்தளை மெலிசா இருக்கு, ரொம்ப இறுக்கிறாதீங்க" என்றார். அதில் ஒரு எஸ்எஸ் போல்ட்டை வெளியிலிருந்து உள்ளே விட்டேன். போல்ட் முனை தட்டின் முதுகைத் தாங்கிப் பிடிக்கும்; அதற்குமேல் பின்னால் போக விடாது. போல்ட் நகராமல் பிடிக்க வெளியே செக் நட்.

போட்டதும் ஒரு புதுத் தொல்லை. மூடி இருக்கும் பக்கம்தான் அடி விழும் பக்கம், அதனால் ஒவ்வொரு அடிக்கும் போல்ட் மரை வழியாக ஊசி மாதிரி தண்ணீர் பீச்சியது. டெஃப்லான் சுற்றினால் ஒரு மணி நேரம் தாங்கும், பிறகு மறுபடி பீச்சும். செக் நட்டுக்கு அடியில் ஒரு ஓ-ரிங், அதன்மேல் வாஷர் வைத்து இறுக்கிய பிறகு நின்றது.

அதன் பிறகு ஒரு வாஷர் எடையோடு, போல்ட்டைக் கால் திருகு, கால் திருகாக உள்ளே விட்டுப் பார்த்தேன். தட்டைத் தொட்ட இடத்திலிருந்து ஒரு திருகு: மூடவில்லை. இரண்டு திருகு: மூடியது, திறந்தது, நிமிஷத்துக்கு 48 தடவை அடித்தது. இரண்டரை: 56. மூன்று திருகுக்கு 72-க்குப் போனது, ஆனால் மேலே ஏறும் தண்ணீர் குறைந்துவிட்டது. வேகமாக அடித்தால் நிறைய ஏறும் என்று நினைத்திருந்தேன். மெதுவாக அடிக்கும்போதுதான் குழாயில் தண்ணீர் வேகம் பிடிக்க நேரம் கிடைக்கிறது, அடியும் கனமாக விழுகிறது. இரண்டேகாலில் நிறுத்தியிருக்கிறேன், நிமிஷத்துக்கு 52 தடவை.

ஓட்டிவிடும்போது ஒன்றை மறக்கக் கூடாது. மேலே தொட்டிக்குப் போகும் டெலிவரிக் குழாயின் பால் வால்வை மூடிவைத்துவிட்டு, தட்டைக் கம்பியால் இருபது முப்பது தடவை அழுத்தி அழுத்தி விட வேண்டும். கேஜில் அழுத்தம் 10 பிஎஸ்ஐ தாண்டிய பிறகுதான் தானாக அடிக்கும். பிறகு டெலிவரியை மெல்லத் திறக்க வேண்டும். சட்டென்று திறந்தால் எதிர் அழுத்தம் இறங்கி நின்றுவிடும். 62 அடிக்குக் கேஜ் 27-ல் நிற்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். முள் 27-ஐச் சுற்றியே ஆடிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அளந்தது இது: வேஸ்ட் வால்வில் வழிவது நிமிஷத்துக்கு 20 லிட்டர், பெயிண்ட் பக்கெட் வைத்துப் பார்த்தேன். மேலே தொட்டியில் ஒரு லிட்டர் பாட்டில் நிரம்ப 58 விநாடி. நாளொன்றுக்கு ஏறக்குறைய 1490 லிட்டர். திறன் நூற்றுக்கு 38 வருகிறது. நன்றாகச் செய்த பம்ப்பில் 60, அதற்கு மேலும் எடுக்கலாம், ஆகவே இன்னும் வேலை இருக்கிறது. ஆனாலும் 1490 லிட்டர்! இத்தனை நாள் அம்மா இடுப்பில் குடம் வைத்து அந்த மேட்டில் ஏறினார்.

அப்பா முதல் இரண்டு நாள் நம்பவில்லை. "ஏன் கண்ணு, தொட்டில நேத்து நீ ஊத்தி வச்சதா இது?" என்று கேட்டார். மூன்றாம் நாள் தானே கீழே போய்ப் பம்ப் பக்கத்தில் ஒரு கல்லைப் போட்டு உட்கார்ந்துவிட்டு வந்தார். இப்போது காலையில் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்வது அவர்தான்.

ஓடைக்குக் கீழே வயல் வைத்திருக்கும் பெரியப்பா, தண்ணீரை மறிக்கிறோமோ என்று கவலைப்பட்டார். அவரைக் கூட்டிவந்து காட்டினேன். 21 லிட்டர் உள்ளே வந்தால் 20 அப்படியே ஓடைக்குத் திரும்பிவிடுகிறது. வாய்க்கால் வெட்டவில்லை, அணை கட்டவில்லை. 200 லிட்டர் டிரம் ஒன்றை ஓடையோரம் புதைத்து, சல்லடை போட்டு எடுக்கிறோம். அவரும் தனக்கொன்று செய்து தரச் சொல்லியிருக்கிறார்.

சாமான் வாங்கப் போகிறவர்களுக்கு: ஸ்பிரிங் வைத்த என்ஆர்வியை வேஸ்ட் வால்வுக்கு வாங்காதீர்கள். ஒரு கடையில் "ரெண்டும் ஒண்ணுதாங்க" என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்கள், திருப்பி எடுக்கவும் மாட்டோம் என்றார்கள். அதை டெலிவரி பக்கம் போட்டேன், அங்கே நன்றாகவே வேலை செய்கிறது. வால்வை வாங்குவதற்குமுன் கடையிலேயே மூடியைக் கழற்றிக் கேளுங்கள். கழற்றித் தராத கடையில் வாங்க வேண்டாம். தட்டு ஆடும் ஊசி தளர்வாக இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். ஒரு நாளைக்கு எழுபதாயிரம் தடவைக்கு மேல் அது ஆட வேண்டும்.

ஏர் சேம்பர் 4 இன்ச் பிவிசி, இரண்டரை அடி, உள்ளே பாதி காற்றடித்த சைக்கிள் டியூப்பை மடித்து வைத்திருக்கிறேன். டியூப் இல்லாமல் விட்டால் உள்ளிருக்கும் காற்று மெல்லத் தண்ணீரில் கரைந்து போய், சத்தம் டக் என்பதிலிருந்து டங் என்று மாறிவிடும். டங் கேட்டால் உடனே நிறுத்துங்கள், பிவிசி வெடிக்கும்.

பிலிப்பைன்ஸில் நீக்ரோஸ் தீவில் ஏஐடிஎஃப்ஐ என்ற அமைப்பு மலைக்கிராமங்களுக்கு இதே ராம் பம்ப்பைப் பட்டறையில் செய்து கொடுத்து 2007-ல் ஆஷ்டன் என்ற பசுமை ஆற்றல் விருது வாங்கியது. அவர்களுடையது வெல்டிங் செய்த இரும்புப் பம்ப். தேயும் பாகத்தை ஊரிலேயே மாற்றிக்கொள்ளலாம். எனக்கு அடுத்த ஆசை அதுதான். ஓடையில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குத் தண்ணீர் பெருகும்போது இரண்டாவது டிரைவ் பைப் இறக்கி, இரண்டு பம்ப்பையும் ஒரே டெலிவரி ஓஸில் சேர்க்க வேண்டும். மிளகுக்குச் சொட்டுநீர் போட்டால் இந்த 1490 லிட்டர் எத்தனை கொடிக்கு வரும் என்று நோட்டில் கணக்குப் போட ஆரம்பித்திருக்கிறேன்.

அதற்குமுன் பம்ப்புக்கு அடியில் காங்கிரீட் போட வேண்டும். இப்போதைக்குக் கயிறு கட்டி இரண்டு பக்கமும் பாறை முட்டுக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு அடிக்கும் ஒரு நூல் ஆடுகிறது. வருகிற ஞாயிறு ஒரு மூட்டை சிமெண்ட்டோடு ஏறுகிறேன். காங்கிரீட் காயும் வரை பம்ப்பை நிறுத்த வேண்டியிருக்கும் என்று அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.