ரெசின் கல்லுக்கு வண்ணம்: சீனரி சான்றிதழுக்குத் தயாரான அனுபவம்

அமெரிக்காவில் மாடல் ரயில் கட்டுகிறவர்களுக்கு நேஷனல் மாடல் ரெயில்ரோட் அசோசியேஷன் என்றொரு சங்கம் இருக்கிறது. 1935-ல் தொடங்கியது. அது தரும் 11 சான்றிதழ்களில் 7 வாங்கினால் மாஸ்டர் மாடல் ரெயில்ரோடர் ஆகலாம். நான் முதலில் எடுத்துக்கொண்டது மாஸ்டர் பில்டர் – சீனரி. எச்.ஓ. அளவில், அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு அளவில் கட்டுகிறவர் குறைந்தது 32 சதுர அடிக்கு நிலக்காட்சி அமைத்துக் காட்ட வேண்டும். மொத்தம் 125 மதிப்பெண், தேற 87.5. யாரோடும் போட்டி கிடையாது, அந்த அளவைத் தொட்டால் போதும்.

இந்தத் தயாரிப்பில் என்னை அதிகம் அலைக்கழித்தது ரெசின் வார்ப்புகளுக்கு, அதாவது அச்சில் ஊற்றி இறுகவைத்த செயற்கைப் பிசின் துண்டுகளுக்கு, வண்ணம் பூசுவதுதான். அதனால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நான் எடுத்துக்கொண்ட காட்சி பென்சில்வேனியாவின் லேன்ஸ்பரோவில் உள்ள ஸ்டாருக்கா பாலத்தைத் தழுவியது. 1848-ல் கட்டி முடித்த கல் பாலம், 17 வளைவுகள், 1040 அடி நீளம், சுமார் 100 அடி உயரம். முழுதாகக் கட்டினால் எச்.ஓ.விலேயே மூன்றரை மீட்டருக்கு மேல் போகும். ஐந்து வளைவுகளோடு நிறுத்திக்கொண்டேன். தூண்களும் தாங்குசுவர்களும் ரெசின் வார்ப்புகள்.

அதற்கு முன்பு நான் பாறை செய்து பழகியதெல்லாம் பிளாஸ்டரில். பிளாஸ்டர் வண்ணத்தைக் குடிக்கும். நீர்த்த பழுப்பையும் கறுப்பையும் திட்டுத் திட்டாகத் தொட்டு வைத்தால் ஒன்றோடொன்று கசிந்து கலந்து பாறை தானாக வந்துவிடும். அதே கலவையை, அதே கை வாகில், முதல் ரெசின் தூணின் மேல் ஊற்றினேன். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி முத்து முத்தாக உருண்டு அடியில் போய்த் தேங்கியது. காய்ந்த பிறகு கல்லின் முகமெல்லாம் வெளுப்பாகவும் கீழ்விளிம்பு மட்டும் கறுப்பாகவும் நின்றது. ரெசின் எதையும் உறிஞ்சாது, வண்ணம் பிடிக்க நாம்தான் அதற்கு ஒரு சொரசொரப்பைக் கொடுக்க வேண்டும். இது புரிய எனக்கு இரண்டு தூண்கள் வீணாயின.

அதனால் வேலை கழுவுவதில் தொடங்குகிறது. வார்ப்பு அச்சிலிருந்து சுலபமாகக் கழன்று வரத் தடவும் எண்ணெய்ப் பசை மேலேயே ஒட்டியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய பல் துலக்கும் பிரஷ். கல் இணைப்புகளின் பள்ளம் வரை தேய்த்து, அலசி, ஓர் இரவு காயவிட வேண்டும். அதன் பின் விரலால் கல்லின் முகத்தைத் தொடாதீர்கள், பின்பக்கமாகப் பிடியுங்கள். வளைந்து வந்த சுவரைக் கை பொறுக்காத சூட்டுள்ள தண்ணீரில் சில நிமிடம் போட்டு, கண்ணாடி மேல் அழுத்தி, குளிர்ந்த தண்ணீர் விட்டால் நேராகிவிடும். பிசிறு தேய்க்கும்போது ஈரத்தில் தேய்க்கவும், மாஸ்க் கட்டாயம். ரெசின் தூள் நுரையீரலுக்குக் கெடுதல். ஒட்டுவதற்கு சூப்பர் க்ளூ அல்லது எபாக்ஸி. பிளாஸ்டிக் கிட்டுக்கான பசை இதில் பிடிக்காது.

அடுத்தது பளபளப்பில்லாத சாம்பல் நிற பிரைமர், அதாவது வண்ணம் பிடிக்க அடிக்கும் அடிப்பூச்சு. கனமாக ஒரே தடவை அடித்தால் கல்லின் நுணுக்கமெல்லாம் மூழ்கிவிடும், மெல்லியதாக இரண்டு தடவை அடிக்க வேண்டும். மழை நாளில் ஸ்ப்ரே வேண்டாம்.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அந்தப் பாலத்தின் கல்லுக்குப் பெயர் ப்ளூஸ்டோன். பெயரை நம்பி நீலச் சாம்பல் கலந்து வைத்திருந்தேன். நேரில் போய் நின்றபோது நீலம் எங்கேயும் கண்ணில் படவில்லை. மங்கிய பழுப்பும் சாம்பலும்தான், மேலிருந்து தண்ணீர் ஒழுகிய கறைகள் கோடு கோடாக. ஒரு தூணின் கீழே நின்று வரிசையாகக் கற்களைப் பார்த்தேன். பெரும்பாலானவை ஒரே நிறம், ஆறேழு கல்லுக்கு ஒன்று மட்டும் சற்றுக் கருத்தோ வெளுத்தோ இருந்தது. வீட்டுக்கு வந்து அப்படியே செய்தேன். அடிநிறம் பூசி, நாலு சாயல் கலந்து வைத்துக்கொண்டு, சிறிய பிரஷால் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கல்லைத் தேர்ந்தெடுத்து நிரப்பினேன். எல்லாக் கல்லுக்கும் வேறு வேறு நிறம் கொடுத்தால் சுவர் சதுரங்கப் பலகை ஆகிவிடும்.

அப்புறம்தான் வாஷ், அதாவது பள்ளங்களில் இறங்கும் நீர்த்த வண்ணம். ஒரு பங்கு அடர்பழுப்பு அக்ரிலிக், எட்டுப் பத்துப் பங்கு தண்ணீர், ஒரே ஒரு சொட்டு சோப்பு. அந்தச் சொட்டுதான் கலவையை உருளவிடாமல் பரவச் செய்கிறது. தூணைப் படுக்க வைத்துப் பூசினால் கீழே தேங்காது. ஆல்கஹாலில் கறுப்பு மை கலந்த வாஷும் நல்லதுதான், ஆனால் மேட் வார்னிஷ் (பளபளப்பில்லாத பாதுகாப்புப் பூச்சு) அடித்த பரப்பின் மேல் அதைப் பூசினால் வெள்ளையாகப் பூத்துவிடும். என் சுவர் ஒன்று அப்படிப் பனி மூடியது போல் ஆனது. இப்போது மை வாஷ் முதலில், வார்னிஷ் கடைசியில். நன்றாகக் காய்ந்த பின் வெளிர் சாம்பலை பிரஷில் தொட்டு, துணியில் ஏறக்குறைய முழுதும் துடைத்துவிட்டு, கல்லின் விளிம்புகளை மட்டும் உரசினேன். தூணின் அடியில், ஓடைப் பக்கமாக, கொஞ்சம் பாசிப் பச்சை.

ஒரு விஷயத்தை நான் தாமதமாகத்தான் கவனித்தேன். மேசை விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் சரியாக இருந்த நிறம், லேஅவுட்டின், அதாவது மாடல் ரயில் ஓடும் முழு அமைப்பின், வெள்ளை விளக்கின் கீழ் சாம்பல் பூத்துப் போனது. மதிப்பீட்டில் ஒளி அமைப்புக்கு மட்டும் 25 மதிப்பெண் உண்டு, காட்சியின் இயல்புத்தன்மைக்கு இன்னொரு 25. இரண்டும் இங்கே ஒன்றாக அடிபடும். எந்த விளக்கின் கீழ் காட்சி நிற்கப்போகிறதோ அதன் கீழேயே உட்கார்ந்து வண்ணம் கலக்குங்கள்.

விண்ணப்பத்தோடு என்ன பொருள், என்ன முறை என்று எழுத்தில் விளக்கவும் வேண்டும். நினைவிலிருந்து எழுத உட்கார்ந்தால் பாதி விட்டுப்போகும். உடைந்த வார்ப்புத் துண்டுகளை நான் எறியவில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு கலவையைச் சோதித்து, பின்பக்கம் தேதியையும் விகிதத்தையும் மார்க்கரில் எழுதி ஒரு டப்பாவில் போட்டு வைத்தேன். எழுதும் நாளில் அந்தத் துண்டுகளை மேசையில் வரிசையாகப் பரப்பி, பார்த்துப் பார்த்து எழுதினேன். ஒரே மாலையில் முடிந்தது.