நான்காம் தளத்தில் செவலை

ஆகஸ்ட் 9, 2025, சனி

அப்பாவின் சிப்பிப்பாறை வேட்டைநாய் செவலை சென்னைக்கு, என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. சாத்தூரிலிருந்து வழிநெடுக அது உட்காரவே இல்லை என்று வண்டிக்காரர் சொன்னார். லிஃப்டுக்குள் கால் வைக்க மறுத்துவிட்டதால் நான்கு மாடியும் படியேறினோம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நேற்று மாலையிலிருந்து இன்று காலை 9 மணி வரை அது சிறுநீர் கழிக்கவில்லை. பால்கனியில் செய்தித்தாள் விரித்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு, அவமதிக்கப்பட்டதைப் போலத் திரும்பி வந்து வாசலில் நின்றது. கீழே கொண்டுபோனால் எங்கு பார்த்தாலும் சிமென்ட் தரை. டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால் ஒரு பாய் அளவுக்கு மண் இருப்பதைக் காவலாளிதான் காட்டினார். அங்கே போனதும் அது நின்ற நேரத்தைக் கண்டு எனக்குத் தொண்டை அடைத்தது. கரிசல் காட்டில் நினைத்த இடத்தில் காலைத் தூக்கிய உயிர், இனி என் அலுவலக நேரத்தைப் பார்த்து அடக்கிக்கொள்ள வேண்டும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

டெல்லித் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் அதற்குள், இனி வீட்டிலும் நாய் வைக்கக் கூடாது என்று எழுதிவிட்டார்கள்.

ஆகஸ்ட் 13, புதன்

மருத்துவமனையில் அப்பா இன்றும் முதலில் கேட்டது செவலையைப் பற்றித்தான். நன்றாகச் சாப்பிடுகிறது என்றேன். எங்கே ஓடுகிறது என்று கேட்டார். செவிலியர் உள்ளே வந்ததால் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆகஸ்ட் 16, சனி

மூன்றாம் தளத்து அம்மா கதவைத் தட்டினார். இரவு 2 மணிக்குத் தலைக்கு மேல் யாரோ சோழி உருட்டுவதைப் போலச் சத்தம் கேட்கிறதாம். சண்டைக்கு வரவில்லை, கண்களுக்குக் கீழே கருவளையத்தோடு, மிகுந்த கூச்சத்துடன் சொன்னார். அது செவலையின் நகம். மண்ணில் ஓடினால் தானாகத் தேயும் நகம், டைல்ஸ் தரையில் தேயாமல் வளர்கிறது. தரையும் வழுக்குவதால் பிடிமானத்திற்காக அதை இன்னும் அழுத்தி ஊன்றுகிறது. சணல் விரிப்புகள் வாங்கிக் கூடம் முழுவதும் போட்டேன். நகம் வெட்டக் கால்நடை மருத்துவரிடம் நாளைக்கு நேரம் கேட்டிருக்கிறேன். ஆனால் இரவு 2 மணிக்கு அது ஏன் நடக்கிறது என்பதற்கு விரிப்பு பதிலாகாது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வேட்டைநாய்கள் ஓட வேண்டிய அளவு ஓடிவிட்டால் மீதி நேரமெல்லாம் தூங்கும் என்றார் மருத்துவர். சிறிய வீட்டுக்குச் சிறிய நாய்தான் பொருந்தும் என்பது சரியல்ல, நாள் முழுவதும் குரைக்கும் குட்டி இனங்கள் உண்டு என்றும் சொன்னார். ஓட வேண்டிய அளவு எவ்வளவு என்று கேட்டேன். சிப்பிப்பாறைக்கா என்று சிரித்தார்.

ஆகஸ்ட் 20, புதன்

ஜாபர்கான்பேட்டையில் நேற்று ஒரு பிட்புல் கடித்து ஒருவர் இறந்துவிட்டார். லிஃப்டருகில் எங்களைக் கண்டதும் ஒரு தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. செவலை வாலை ஆட்டியது. அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

டெல்லி உத்தரவைத் திருத்திவிட்டார்கள்: கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த தெருநாய்களை, வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் நீங்கலாக, பிடித்த இடத்திலேயே விட வேண்டுமாம். குழுவில் இதைப் பற்றி யாரும் எழுதவில்லை.

குடியிருப்புச் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்காக விலங்குகள் நல வாரியத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதலை அச்செடுத்தேன். பெரும்பான்மை வாக்கால்கூடச் சங்கம் செல்லப்பிராணிகளைத் தடைசெய்ய முடியாது. லிஃப்டை மறுக்கவும் முடியாது. அதற்கு அடிப்படையான 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்திற்காக மாநிலங்களவையில் முதலில் குரல் எழுப்பியவர் ருக்மிணி தேவி அருண்டேல். அவருடைய கலாக்ஷேத்திராவின் மதிலோரமாகத்தான் தினமும் விடியற்காலையில் செவலையை நடத்திப் போகிறேன். சட்டம் முழுவதும் என் பக்கம் இருக்கிறது. படித்துக்கொண்டிருந்த இரண்டு மணி நேரமும் அது வாசற்கதவின் இடுக்கில் மூக்கை வைத்துப் படுத்திருந்தது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கூட்டம். வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்றையும் மாநகராட்சி உரிமத்தையும் மேசையில் வைத்தேன். கழிவை நானே அள்ளுவதாகவும், பொது இடத்தில் வாரைக் கழற்றுவதில்லை என்றும் எழுதிக் கொடுத்தேன். செயலாளர் வழிகாட்டுதலை இருமுறை படித்துவிட்டு, சரி அம்மா என்றார். மூன்றாம் தளத்து அம்மா எழுந்து, விரிப்பு போட்ட பிறகு சத்தம் குறைந்திருக்கிறது, நாய் இருக்கட்டும் என்றார்.

வென்றுவிட்டேன். ஒருவராவது, அதற்கு இங்கே இருக்கப் பிடித்திருக்கிறதா என்று கேட்டிருந்தால் என்னிடம் அச்செடுத்த தாள் எதுவும் இருந்திருக்காது.

ஆகஸ்ட் 25, திங்கள்

காலை 4.30க்குக் கடற்கரை. நீளமான கயிறு வாங்கியிருந்தேன். ஈர மணலில் அது உடலை வில்லாக வளைத்துப் பாய்ந்தது; நான்கு கால்களும் தரையை விட்டு எழும்பியதைக் கண்டேன். கயிறு தீர்ந்ததும் குப்புற விழுந்து எழுந்து, என்னைத் திரும்பிப் பார்த்தது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

சாத்தூரில் பக்கத்து வீட்டு மாமா, அப்பா திரும்பும் வரை தாமே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். அப்படியானால் அப்பா திரும்புவாரா என்று நான் முடிவு செய்ய வேண்டும். நான் செவலையை வைத்திருப்பது செவலைக்காக இல்லை என்பதை இங்கே மட்டும் எழுதிக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை செய்யவில்லை.

செவலை இன்று தானாகவே லிஃப்டுக்குள் நுழைந்து, மூலையில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றது. காவலாளி, பழகிவிட்டது பாருங்கள் என்றார்.

ஆகஸ்ட் 28, வியாழன்

அப்பாவுக்கு அறுவைச் சிகிச்சை நாளைக் காலை 7 மணிக்கு. செவலையை 4 மணிக்கே மண்ணுக்குக் கொண்டுபோக வேண்டும். எங்கே ஓடுகிறது என்று அப்பா மறுபடியும் கேட்டார், கடற்கரையில் என்றேன். எவ்வளவு தூரம் என்றார்.