முதல் துண்டு கிளம்பிய பிறகு

வலைப்பக்கம் முழுதும் தயாராகும்வரை காத்திராமல், அதைத் துண்டு துண்டாக அனுப்பிப் பார்த்தேன். கர்லை (சர்வர் அனுப்புவதை டெர்மினலில் காட்டும் கருவி) ரா, நோ-பஃபர் என்ற இரண்டு ஆப்ஷனும் போட்டு ஓட்டியதும் திரையில் முதலில் விழுந்தது 80 என்ற எண். வரப்போகும் துண்டின் அளவு அது; பதினாறடிமானக் கணக்கு, அதாவது 128 பைட். அடுத்து பக்கத்தின் தலைப்பகுதி.

கொஞ்சம் நின்றது. இன்னொரு எண், இன்னொரு துண்டு. கடைசியில், முடிந்தது என்பதற்கு ஒரு 0. அவ்வளவுதான்.

பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் நெறிமுறையான எச்டிடிபி 1.1-இல் 1997-லிருந்தே இருக்கிற வசதி இது.

எங்கள் அறிக்கைப் பக்கம் இதுவரை மூன்று குவரியும் (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்விகள்) முடியும்வரை வெள்ளையாகவே நிற்கும். இப்போது பைத்தானில் ஒரு அசிங்க் ஜெனரேட்டர், அதாவது விடையை மொத்தமாகத் தராமல் தயாரானதை ஒவ்வொன்றாகத் தரும் ஃபங்ஷன். மெனு உடனே போகிறது, அட்டவணைகள் தயாராகத் தயாராகப் பின்னால் போகின்றன. மொத்த நேரம் துளியும் குறையவில்லை. ஆனாலும் "வேகமாயிடுச்சே!" என்றார் கணக்குப் பிரிவு அக்கா. நான் மறுக்கவில்லை.

(நடுவில் என்ஜின்எக்ஸ் என்ற இடைநிலை சர்வர் இருந்தால் அது துண்டுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பதிலோடு போகும் எக்ஸ்-ஆக்செல்-பஃபரிங் என்ற ஹெட்டரில் 'நோ' என்று அனுப்பினால் விடும்.)

யோசிக்க வைத்தது வேறு. முதல் துண்டுக்கு முன்பே 200, அதாவது 'எல்லாம் சரி' என்ற நிலைக் குறியீடு கிளம்பிவிடுகிறது. மூன்றாவது குவரி படுத்துக்கொண்டால் அதை 500 (சர்வரில் பிழை) ஆக மாற்ற வழியே இல்லை. சர்வரின் பதிவேட்டில் எல்லாம் நலம், பார்ப்பவர் கையில் பாதிப் பக்கம்.

ஆக, உள்நுழைவுச் சரிபார்ப்பு, குக்கி, வேறு பக்கத்துக்குத் திருப்புவது எல்லாம் முதல் பைட்டுக்கு முன்னாலேயே முடிந்துவிட வேண்டும். அப்புறம் எது விழுந்தாலும், அந்த அட்டவணை வர வேண்டிய இடத்திலேயே 'இது மட்டும் வரவில்லை' என்று ஒரு வரி, பக்கத்தில் ஒரு பட்டன்.

அந்தப் பட்டனைத்தான் நாளைக்கு எழுத வேண்டும்.