பிபிகேஐ வகுப்பில் இடம் வாங்க அலைந்த அனுபவம்

மகனுக்கு பிபிகேஐ வகுப்பில், அதாவது சாதாரணப் பள்ளிக்குள்ளேயே நடக்கும் சிறப்புக் கல்வி வகுப்பில், இடம் உறுதி என்று போன வாரம்தான் சொன்னார்கள். ஏழு வயது, ஆட்டிசம். மலேசியாவில், பேராக் மாநிலத்தில் எங்களைப் போலத் தோட்டப்புறப் பட்டணத்தில் இருக்கும் பெற்றோருக்கு உதவும் என்று சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன்.

கிளினிக், ஈப்போ நிபுணர் எல்லாம் தாமதமானாலும் ஒழுங்காக முடிந்தது. வம்பு ஓகேயு கார்டு (மாற்றுத்திறனாளி அட்டை) பாரத்தில் ஆரம்பித்தது. டாக்டர் நிரப்பும் பக்கத்தில் கையெழுத்து இருந்தது, சாப் (முத்திரை) இல்லை. முகப்பில் இருந்த கிளார்க் திருப்பிக் கொடுத்துவிட்டார். சரி, அது அவர் வேலை. சாப் வாங்கிக்கொண்டு மறுபடி போனால், மைகிட் (பிள்ளையின் அடையாள அட்டை) நகல் மங்கலாக இருக்கிறதாம். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம் அல்லவா? என் வீட்டுக்காரர் செம்பனை வெட்டுகிறவர். எங்களோடு வர லீவு போட்டால் அன்றைய சம்பளம் போச்சு. அதனால் பாரத்தைக் கொடுக்கும்போதே, "எல்லாப் பக்கமும் பார்த்துச் சொல்லுங்கள், வேறு என்ன குறை?" என்று கேட்டுவிட்டுத்தான் நகர வேண்டும். இன்னொன்று, பதிவு இலவசம். செய்து தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

அப்புறம் பள்ளிக்கூடம். நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன, ஆனால் பிபிகேஐ உள்ளவை கொஞ்சம்தான். எங்கள் பக்கம் ஒன்றும் இல்லை. தனிச் சிறப்புக் கல்விப் பள்ளிக்கு நகரத்துக்குப் போக வேண்டும், அவையும் பெரும்பாலும் கண் தெரியாத, காது கேளாத பிள்ளைகளுக்கானவை. ஆகவே பட்டணத்தில் உள்ள மலாய் வழித் தேசியப் பள்ளிதான் கதி.

அங்கே கிடைத்த பதில், "பிபிஎம் பற்றாக்குறை, அடுத்த வருஷம் வாங்க." பிள்ளைகளைக் கழிவறைக்கு அழைத்துப் போவது, சாப்பிட வைப்பது, ஓடினால் பிடித்து வருவது எல்லாம் பிபிஎம் என்கிற மாணவர் உதவியாளர்தான். டீச்சர் ஒருவரே பாடமும் நடத்தி இதையும் பார்க்க முடியாது, எனக்கும் தெரியும். அதற்காக என் பிள்ளை ஒரு வருஷம் வீட்டில் இருக்க வேண்டுமா? எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக்கூடாது என்ற 'ஸீரோ ரிஜெக்ட்' கொள்கை 2019 முதல் நடப்பில் இருக்கிறது. இடமில்லை என்பதை எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டேன். யாரும் கொடுக்கவில்லை. நடந்த பேச்சைத் தேதி போட்டு நானே எழுதி மாவட்டக் கல்வி இலாகாவில் கொடுத்தேன், என் நகலில் சாப் குத்தித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன். அதன் பிறகுதான் பள்ளியிலிருந்து போன் வந்தது. வாய்ப்பேச்சாக எதையும் விடாதீர்கள்.

இடம் கிடைத்ததும் நிம்மதி என்று நினைக்க வேண்டாம். 2013 விதிமுறைப்படி மூன்று மாதம் வரை சோதனைக் காலம் உண்டு. அது முடிந்து போன வாரம் உறுதி என்று சொல்லும்வரை எனக்குச் சரியான தூக்கமே இல்லை.

ஆரம்பப் பள்ளிப் பிரிவில் 14 வயது வரை இருக்கலாம் என்பதால், மகன் வகுப்பில் அவனைவிடத் தலை உயரம் கூடிய பையன்களும் இருக்கிறார்கள். டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகள், மெதுவாகக் கற்பவர்கள், ஆட்டிசம் எல்லாரும் ஒன்றாக. மலாய்ப் பிள்ளைகள், நம் பிள்ளைகள், ஓராங் அஸ்லி (பழங்குடி) பிள்ளை ஒன்று. டீச்சர்கள் பேசுவது மலாய். என் மகன் பேசுவதே சில சொற்கள், அத்தனையும் தமிழ். முதல் வாரத்தில் "ஒண்ணுக்கு, ஒண்ணுக்கு" என்று கால்சட்டையை இழுத்திருக்கிறான். சேட்டை என்று நினைத்து உட்கார வைத்துவிட்டார்கள். நனைந்த கால்சட்டையோடு வாசலில் நின்றவனைப் பார்த்து வயிறு எரிந்தது.

பக்கத்து வகுப்பிலிருந்த தமிழ் பிபிஎம் அக்காதான் டீச்சரிடம் விளக்கினார். டீச்சரும் நல்லவர். கழிவறை, தண்ணீர், வலி என்று படம் வரைந்து, பிளாஸ்டிக் உறை போட்டு, அவன் கழுத்தில் தொங்கவிட்டார். இப்போது படத்தைத் தொட்டுக் காட்டுகிறான். வீட்டிலும் அதே படங்களைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

சேர்க்கும் முன்பே தலைமையாசிரியரிடம் கேளுங்கள்: பிபிஎம் எத்தனை பேர், ஒருவர் எம்சி (மருத்துவ லீவு) போட்டால் யார் பார்ப்பார்கள், பெரிய பையன்களையும் சின்னவர்களையும் எப்படிப் பிரித்து உட்கார வைக்கிறார்கள், தமிழ் தெரிந்தவர் யாராவது உண்டா. சிறப்புக் கல்விப் பிள்ளைகளுக்கான மாதம் 150 வெள்ளி (ரிங்கிட்) அலவன்ஸ் பற்றியும் அப்போதே கேளுங்கள். ஆர்பிஐ (பிள்ளைக்கான தனிநபர் கல்வித் திட்டம்) கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வேலையை விட்டாவது போங்கள். பிள்ளை இந்த வருஷம் என்ன கற்க வேண்டும் என்பது அங்கேதான் முடிவாகிறது.

அந்த அக்கா அடுத்த மாதம் பிரசவ லீவில் போகிறார். பதில் ஆள் யார் என்று இப்போதே கேட்டுவிட்டேன். ஆள் வேண்டும் என்று இலாகாவுக்குக் கடிதம் போயிருக்கிறது என்றார் தலைமையாசிரியர். திங்கட்கிழமை போய் அந்தக் கடிதத்தின் தேதியைக் குறித்துக்கொண்டு வருவேன்.