கேஸும் ஐஸும் கிடைக்காத மே மாதத்தில் நுரைத்த திராட்சை ரசம்

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வேண்டும் என்று ராமநாதபுரத்தில் ஒரு கேஸ் டீலரிடம் போய் நின்றேன். முதல் கேள்வி, "கடை பேர் என்னம்மா?" கடை இல்லை, வீட்டு விசேஷத்துக்கு என்றேன். அடுத்த கேள்வி, "ஜிஎஸ்டி நம்பர்?" அதுவும் இல்லை என்றதும் கவுண்டரில் இருந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "வீட்டுக்காரரை வரச் சொல்லுங்கம்மா, அவர்ட்ட பேசிக்கிறோம்" என்றார். வீட்டுக்காரர் சவுதியில் இருக்கிறார். ஆதார் அட்டை, டெபாசிட் பணம், முகவரிக்கு ரேஷன் கார்டு எல்லாம் கையில் வைத்துக்கொண்டு எங்கள் ஊர் மண்டபத்திலிருந்து பஸ் ஏறிப் போனவள் நான். மேனேஜர் வந்து சொல்லட்டும் என்று சாயங்காலம் வரை உட்கார வைத்தார்கள். மேனேஜர் வந்து ஒரே வரியில் முடித்தார்: "எங்ககிட்ட இருக்கிறது வெல்டிங் கேஸ்தான். குடிக்கிறதுக்கு மதுரைதான் போகணும்." இதைக் காலையிலேயே சொல்லியிருந்தால் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும். இந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

எதற்கு இவ்வளவு அலைச்சல் என்றால், மே மாதம் அம்மா அப்பாவுக்கு 40-ஆவது திருமண நாள். பூசை முடிந்து வீட்டில் கேக் வெட்டும்போது வந்தவர்கள் எல்லோர் கையிலும் ஒரே பானம் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அப்பாவோடு படகில் பங்கு வைத்திருந்த பெரியபட்டினத்துப் பாய் குடும்பம் முழுதாக வரும். அவர்களுக்குத் தனி டம்ளரில் ரஸ்னா, மற்றவர்களுக்கு வைன் என்று பிரிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. தவிர, கிறிஸ்துமஸுக்கு ஜாடியில் திராட்சை போட்டு ஊற வைப்பது நம் பக்கம் சகஜம் என்றாலும், 1937-ஆம் வருட மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் வீட்டில் வைன் செய்வது குற்றம். சரி, ஸ்பார்க்ளிங் வைன் மாதிரியே நுரை, புளிப்பு, லேசான துவர்ப்பு, ஆனால் மது கிடையாது. இதுதான் நான் செய்ய நினைத்தது. பெரிய கடைகளில் விற்கும் வெளிநாட்டு பாட்டிலை ஐம்பது பேருக்கு வாங்கினால் பந்திச் செலவை அது தாண்டிவிடும்.

ஷாம்பெயினில் வரும் நுரை ஈஸ்ட் செய்யும் வேலை. முதல் நொதிப்பு முடிந்த வைனை பாட்டிலில் ஊற்றி, லிட்டருக்கு ஏறக்குறைய 24 கிராம் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்து மூடிவிடுவார்கள். உள்ளேயே மறுபடி நொதித்து, வெளியேற வழியில்லாத கேஸ் வைனுக்குள் கரைந்துகொள்ளும். அழுத்தம் 6 வளிமண்டலம் வரை போகும். அதனால்தான் அந்தக் கண்ணாடி பாட்டில் காலியாகவே 800 கிராமுக்கு மேல் எடை இருக்கும். விலை மலிவான சில ஸ்பார்க்ளிங் வைன்களில் இந்த வேலையெல்லாம் கிடையாது. சோடாவுக்கு அடிப்பதுபோல வெளியிலிருந்து கேஸை ஏற்றிவிடுவார்கள். ஈஸ்ட் இல்லாமல், மது இல்லாமல் நுரை வேண்டுமென்றால் நமக்கும் அந்த வழிதான்.

வெல்டிங் கேஸையே வாங்கிவிடலாமே என்று வீட்டில் சொன்னார்கள். வேண்டாம். வாயு ஒன்றுதான் என்றாலும், அந்த சிலிண்டர் உணவுக்கென்று நிரப்பப்பட்டதல்ல. அதற்கு முன்னால் அதில் என்ன இருந்தது, எண்ணெய்ப் பிசுக்கு உண்டா என்று யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள். குழந்தைகள் குடிக்கப் போகும் பானம். மதுரைக்கு போன் போட்டால் அங்கேயும் கடைப் பெயரும் லெட்டர்பேடும்தான் கேட்டார்கள்.

கடைசியில் கைகொடுத்தவர் உச்சிப்புளிப் பக்கம் சோடா போடும் ஒரு பாய். கோலி சோடா காலத்திலிருந்து குடும்பத் தொழில். இப்போது பன்னீர் சோடாவும் ஜிஞ்சர் சோடாவும் பிளாஸ்டிக் பாட்டிலில் போடுகிறார். விஷயத்தைச் சொன்னதும் ஒரு கேள்வியும் கேட்காமல், கையிருப்பில் இருந்த சின்ன சிலிண்டரை வாடகைக்குத் தர ஒத்துக்கொண்டார். கூடவே ஒன்று சொன்னார்: "யம்மா, கேஸு நான் தர்றேன். ஆனா சூட்டுத் தண்ணியில கேஸு நிக்காது. நீ மொதல்ல ஐஸுக்கு வழி பாரு." நான் அலைந்து திரிந்து கேட்டதிலேயே உருப்படியான பேச்சு அதுதான். சிறுதொழில் செய்பவர்களிடம் முதலிலேயே போங்கள், டீலரிடம் போகாதீர்கள்.

சிலிண்டர் வாங்கும்போது கழுத்தில் அடித்திருக்கும் டெஸ்ட் தேதியைப் பாருங்கள். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை சோதனை செய்திருக்க வேண்டும். நிற்க வைத்தே கொண்டுவர வேண்டும், வீட்டிலும் நிற்க வைத்துக் கயிற்றால் கட்ட வேண்டும், வெயில் படக்கூடாது. உள்ளே இருப்பது திரவம். 31 டிகிரிக்கு மேல் அது திரவமாக இருக்காது, அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். மே மாதத்து மண்டபத்தில் நிழலிலேயே அந்தச் சூடு இருக்கிறது. நான் குளியலறை ஈரத்தரையில், நனைந்த சாக்கைச் சுற்றி, கதவைத் திறந்தே வைத்திருந்தேன். கதவு திறந்திருப்பது முக்கியம். இந்த வாயு காற்றைவிட கனமானது, கசிந்தால் மூடிய அறையில் தரையோடு தேங்கி மூச்சை அடைக்கும்.

ரெகுலேட்டர் கதை தனி. ஆன்லைனில் கார்பன் டை ஆக்சைடு ரெகுலேட்டர் என்று போட்டிருந்ததைத்தான் ஆர்டர் செய்தேன். முகவரியில் மண்டபம் என்று தெளிவாக எழுதியும் பார்சல் மண்டபம் கேம்ப்புக்குப் போய், "ஆள் இல்லை" என்று திரும்பிப் போய், மறுபடி வந்தது. பிரித்துப் பார்த்தால் ஆக்சிஜன் ரெகுலேட்டர். சிலிண்டர் வால்வில் மரை சேரவே இல்லை. சேராத மரையை டெஃப்லான் டேப் சுற்றித் திருகலாம் என்று ஒரு வெல்டிங் பட்டறைத் தம்பி யோசனை சொன்னார். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் 60 வளிமண்டலத்துக்கு மேல் அழுத்தம் இருக்கிறது, டேப் அதைத் தாங்காது. மாற்றித் தர அந்த விற்பனையாளர் கேட்ட போட்டோ, வீடியோ, அன்பாக்சிங் வீடியோ எல்லாவற்றையும் கொடுத்த பிறகும் பணம் திரும்ப வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. மறுபடி சோடா பாய்தான் தன்னுடையதையே கழற்றிக் கொடுத்தார். பாட்டிலில் கேஸ் ஏற்றும் மூடி மட்டும் ஒழுங்காக வந்து சேர்ந்தது.

சாறு எடுப்பதில் பெரிய சிரமம் இல்லை. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை, 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததே அது, வருடம் முழுக்கக் காய்ப்பதால் ராமநாதபுரம் மார்க்கெட்டில் எப்போதும் இருக்கும். கழுவி, மசித்து, தோலோடு சூடாக்கினால் நல்ல நிறம் இறங்கும். 80 டிகிரி வரை கொண்டுபோய் சில நிமிடம் வைத்து ஆற விடுங்கள். இந்தப் படியைத் தவிர்க்காதீர்கள். திராட்சைத் தோலில் ஈஸ்ட் இருக்கிறது. சூடாக்காத சாறு நம் ஊர் வெக்கையில் மறுநாளே பொங்க ஆரம்பிக்கும். மூடிய பாட்டிலுக்குள் அது நடந்தால் நீங்கள் ஏற்றிய கேஸோடு அதுவும் சேரும், மது வேண்டாம் என்று ஆரம்பித்ததும் வீணாகும்.

வெறும் சாறு தித்திப்பு அதிகம். ஒரு லிட்டர் சாறுக்கு முக்கால் லிட்டர் அளவு கேன் தண்ணீர், இரண்டு எலுமிச்சை, ஆறவைத்த கட்டன் சாயா அரை டம்ளர். துவர்ப்பைத் தருவது அந்தச் சாயாதான், குடித்தவர்கள் யாரும் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு கலந்தது, அதை இதில் சேர்த்தால் வாயில் வைக்க முடியாது. கலந்ததை ராத்திரி முழுக்கக் குளிரில் வைத்து, அடியில் தங்கும் மண்டியைக் கலக்காமல் வெள்ளை வேட்டித் துணியில் இரண்டு மடிப்பாக வடிகட்டுங்கள். சதைத் துகள் கொஞ்சம் இருந்தாலும் கேஸ் அதைப் பிடித்துக்கொண்டு கிளம்பும்; திறந்த நொடியில் பாதி பாட்டில் கூரையில் இருக்கும்.

அப்புறம் ஐஸ். மீன்பிடி ஊரில் ஐஸுக்கா பஞ்சம் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும்போது ஐஸ் கம்பெனி யாருக்காக ஓடும்? நான் போன இடங்களில் மெஷினைப் பிரித்துப் போட்டு பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். "ஜூன்ல வாங்கக்கா" என்றார் வாட்ச்மேன். வீட்டு ஃபிரிட்ஜை நம்பினால், அதற்கென்றே மாதாந்திர பராமரிப்பு மின்தடை வந்தது. பகல் முழுக்க கரண்ட் இல்லை. உள்ளே வைத்த பாட்டில்கள் வெதுவெதுப்பாகிவிட்டன.

குளிர் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ஒரு லிட்டர் தண்ணீர் 0 டிகிரியில் ஏறக்குறைய 1.7 லிட்டர் கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொள்ளும். 30 டிகிரியில் முக்கால் லிட்டரைக்கூட வாங்காது. ரெகுலேட்டரில் 30 பிஎஸ்ஐ அழுத்தம் வைத்து, வெதுவெதுப்பான சாற்றில் ஏற்றிப் பார்த்தேன். மேலே கொஞ்சம் நுரைத்துவிட்டு, டம்ளரில் ஊற்றியதும் சப்பென்று ஆகிவிட்டது. கேஸை இன்னும் கூட்டினால் சரியாகும் என்று நினைக்க வேண்டாம். ஆபத்துதான் கூடும்.

தடைக்காலத்திலும் நாட்டுப்படகுகள் போகும் என்பது அப்பாவுக்கு உடனே ஞாபகம் வந்தது. வேதாளையில் நண்டும் கணவாயும் எடுக்கும் ஒரு வியாபாரி வெளியூரிலிருந்து ஐஸ் இறக்குகிறார். அப்பா போய்க் கேட்டதும் இரண்டு பார் ஐஸும் மீன் ஏற்றும் பெரிய தெர்மாகோல் பெட்டிகளும் கொடுத்துவிட்டார். பெட்டியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி வெயிலில் காய வைத்தோம். ஐஸை உடைத்துப் போட்டு, வாலிநோக்கம் கல் உப்பைத் தூவினால் குளிர் சட்டென்று பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். இங்கே கை நிதானம் வேண்டும். உப்பு அதிகமானால் சாறு உறைந்து, கேஸ் ஏறாது. ஒரு பெட்டிக்கு இரண்டு கைப்பிடி போதுமாக இருந்தது. சாற்றின் சூடு 1, 2 டிகிரியில் நின்றது. மீன் ஐஸ் குடிக்கிற ஐஸ் அல்ல. பாட்டிலுக்கு வெளியே மட்டும்தான். திறக்கும் முன் வாயைச் சுத்தத் தண்ணீரில் கழுவித் துடைத்தோம்.

கேஸ் ஏற்றுவது அதன் பிறகு நிமிட வேலை. முக்கால் பாட்டில் சாறு, மீதிக் காற்றை அமுக்கி வெளியேற்றி மூடி, 30 பிஎஸ்ஐ கொடுத்து, உஸ் சத்தம் அடங்கும் வரை குலுக்க வேண்டும். மறுபடி ஐஸில் வைத்து, ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை. பாட்டில் கல்லைப் போல இறுகிவிடும். கேஸ் பானம் வந்த பிளாஸ்டிக் பாட்டிலை மட்டுமே பயன்படுத்துங்கள். தண்ணீர் பாட்டில் இந்த அழுத்தத்துக்குச் செய்ததல்ல. கீறல் விழுந்ததும் வெந்நீர் ஊற்றி நெளிந்ததும் குப்பைக்கு. அழகுக்காகப் பழைய கண்ணாடி பாட்டிலில் ஏற்றலாமே என்று என் தங்கை கேட்டாள். வெடித்தால் கண்ணாடிச் சில் கண்ணில் போகும், முடியாது என்று சொல்லிவிட்டேன்.

இடையில் பக்கத்துத் தோப்புத் தாத்தா, "பதநீரில ஏத்திப் பாரேன் தாயி" என்று ஒரு செம்பு கொடுத்தார். ஏற்றியதும் பால் போல் வெளுத்துக் கலங்கியது. கலயத்தில் பூசிய சுண்ணாம்போடு இந்த வாயு சேர்ந்து சுண்ணாம்புக் கல்லின் பொடியாக அடியில் இறங்குகிறது. பதநீரைப் புளிக்காமல் காப்பதே அந்தச் சுண்ணாம்புதான். அது போய்விட்டால் பதநீர் கள்ளாகப் போகும், பாட்டிலுக்குள் அழுத்தமும் ஏறும். உடனே கொட்டிவிட்டேன். பதநீரைப் பதநீராகவே குடிப்பது நல்லது.

விசேஷத்தன்று கண்ணாடி டம்ளர்களையும் அதே பெட்டிகளில் மேலாகத் தட்டு வைத்துக் குளிர வைத்தோம். ஊற்றியபோது பன்னீர் வாசனையோடு ரோஜா நிறத்தில் நுரை ஏறி, கீழிருந்து குமிழி விடாமல் வந்துகொண்டே இருந்தது. பெரியபட்டினத்துப் பாய் இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கினார். சோடா பாய் வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "கேஸு நல்லா நின்னிருக்கு" என்று மட்டும் சொன்னார். எனக்கு அது போதும்.

செலவு என்று பார்த்தால் திராட்சையும் சிலிண்டர் வாடகையும் மூடியும்தான். ஐஸுக்கு வியாபாரி காசு வாங்கவில்லை. உங்களுக்கு நாள் குறிக்கும் உரிமை இருந்தால் தடைக்காலத்தில் வைக்காதீர்கள். கரண்ட் நிறுத்தும் நாளை முன்னாடியே மின்வாரியத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சிய பாட்டிலை ஃபிரிட்ஜை விட்டு வெளியே வைக்காமல் இரண்டு மூன்று நாளுக்குள் குடித்துவிடுங்கள். தொடாமலேயே பாட்டில் முன்னைவிட இறுகியிருந்தால் உள்ளே நொதிக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். முகத்துக்கு நேராக இல்லாமல், துணி போர்த்தி, மூடியை மெதுவாகத் தளர்த்திக் கேஸை வெளியேற்றிவிட்டு சாறைக் கொட்டிவிடுங்கள்.